எட்டெழுத்துத் தாம்பரம்

செப்டம்பர் 22, 1997 – திங்கள்

பீர்க்கன்கரணையில் பஸ் நிற்கவே இல்லை. கையைக் காட்டினால் டிரைவர் ஏரியைப் பார்க்கிறான். நடந்தே பெருங்களத்தூர் ஸ்டேஷன், அங்கிருந்து ரயில். தாம்பரம் சானடோரியத்தில் இறங்கும்போது புடவைக் கரையெல்லாம் சேறு.

ஆபீசில் தனசிங் சார் காபி டம்ளரோடு வாசலிலேயே நின்றார். "காந்திமதி, நாலு பெட்டியும் ஒரு மாசமா நிக்காம ஓடுது. கவனிச்சியா?" கவனிக்காமல் என்ன? அந்தப் பெட்டிகளுக்குள் ஓடும் புரோகிராமில் பாதி நான் எழுதியது. ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடத்துக்காக வைத்த பெட்டிகள். கிழக்குத் தாம்பரத்தில் அவர்களுடைய லேப். மேற்குத் தாம்பரத்தில் தலைமை ஆபீஸ். பொழிச்சலூரிலும் கேளம்பாக்கத்திலும் ரத்தம் எடுக்கும் கிளைகள். லேபில் ரிப்போர்ட் தயாரானதும் டெலிபோன் லைன் வழியாகப் பாக்கெட் பாக்கெட்டாகப் போய்க் கிளையின் திரையில் விழவேண்டும். எந்தப் பாக்கெட் எந்த லைனில் போகவேண்டும் என்று முடிவு செய்வதுதான் எங்கள் பெட்டி. இங்கே ஒழுங்காக ஓடினால் இதே புரோகிராமை வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று வாங்கிக்கொள்ளும். சாருக்கு அந்தக் கனவு.

அம்மாவுக்கு இதை விளக்கப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "நாள் பூரா பாக்கெட் அனுப்புறேங்கற. காலைல ஒரு பால் பாக்கெட் வாங்கி வெச்சுட்டுப் போக முடியல."

அக்டோபர் 2 – வியாழன்

விடுமுறை. லோகு அண்ணா கடைத்தெருவில் பார்த்தார். பெட்டிகளை நிறுவியதும் வாரம் ஒரு முறை நாலு இடத்துக்கும் போய் வருவதும் அவர்தான். "மெசினு நாலும் சோக்கா கீது மேடம். அதுங்களுக்கு லீவே கெடயாது, பாவம்" என்றார்.

அக்டோபர் 10 – வெள்ளி

ஆயுத பூஜை. அம்மா தையல் மெஷினுக்கும் அரிவாள்மனைக்கும் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டில் எனக்குப் போன் என்று கூப்பிட்டார்கள். தனசிங் சார். குரலே சரியில்லை.

கிழக்குத் தாம்பரம் பெட்டி ஓட்டம் நின்று விழுந்துவிட்டதாம். எழுப்பினால் உடனே மறுபடி விழுகிறதாம். கேளம்பாக்கம் பெட்டியும் அப்படியே. காலையிலிருந்து இதே கதை. லேபில் பண்டிகை நாளிலும் ஆள் இருக்கிறார்கள், அதை நடத்தும் டாக்டரம்மா கத்துகிறார்களாம்.

ஒரு மாதம் நிற்காமல் ஓடியது எப்படி இரண்டும் சேர்ந்து விழும்? கையில் பொரியோடு அப்படியே நின்றேன்.

அக்டோபர் 11 – சனி

காரணம் தெரிந்தது. சிரிப்பதா அழுவதா?

மேற்குத் தாம்பரம் ஆபீசில் நேற்று பூஜை. லோகு அண்ணா அங்கே போய்ப் பெட்டியைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூ சுற்றி – சுவிட்சை அணைத்துவிட்டார். பூஜை போட்ட ஆயுதத்தை அன்றைக்கு எடுக்கக்கூடாது இல்லையா. கரண்ட் போனாலும் அந்தப் பெட்டி அணைந்ததில்லை. அதற்கு மட்டும் தனியாகப் பேட்டரி வைத்திருக்கிறோம். ஆக, கிழக்கையும் கேளம்பாக்கத்தையும் இணைக்கும் இந்த நடுப் பெட்டி அணைந்தது இதுதான் முதல் தடவை. இன்று காலை அவரே போய்ச் சுவிட்சைப் போட்டார். மற்ற இரண்டும் சமர்த்தாக எழுந்துகொண்டன.

அக்டோபர் 13 – திங்கள்

லோகு அண்ணாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எல்லார் முன்னாலும். தனசிங் சார் கத்தவில்லை. அதுதான் இன்னும் மோசம். "நாளையிலேர்ந்து வர வேண்டாம் லோகு" – அவ்வளவே.

படிக்கட்டில் பிடித்தேன். முகம் பேயறைந்த மாதிரி. "நா இன்னாம்மா தப்பு பண்ணேன்? வருசாவருசம் மெசினுக்குப் பொட்டு வெக்கறதுதானே? ஒரு நாளு ரெஸ்ட்டு குட்த்தேன். அதுக்கு வூட்டுக்குப் போன்னா?"

எனக்கு வாய் அடங்காது. "ஒரு பெட்டிய அணைச்சா மத்த ரெண்டு ஏன்ணா விழணும்? தப்பு எங்க புரோகிராம்ல இருக்கு. கண்டுபிடிச்சு உங்களத் திரும்பக் கூட்டிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் நம்பினாரா தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

சொல்லியாயிற்று. இனி செய்தே ஆகவேண்டும்.

அக்டோபர் 15 – புதன்

ஐயோ. ஐயோ. இது எப்படி என் கண்ணில் படாமல் போயிற்று?

எங்கள் அறையில் சோதனைக்கென்று நாலு பெட்டி வைத்திருக்கிறோம், இட்லி, வடை, தோசை, பொங்கல் என்று பெயர். ஊரில் உள்ளதைப் போலவே இணைத்துவிட்டு நடுவிலிருக்கும் வடையை அணைத்தேன். கிழக்கின் இடத்திலிருந்த இட்லி அந்த நொடியே செத்தது. செத்த பெட்டியின் நினைவகத்தை அச்செடுத்துப் பார்த்தால் – உறைக்குள் உறை. அதற்குள் உறை. அதற்குள்ளும் உறை. தாள் தாளாக அதேதான். நடுவில் ஒரே ஒரு சின்னப் பாக்கெட்.

எழுதி வைத்தால்தான் எனக்கே தெளியும். சாதாரணமாக ஒவ்வொரு பாக்கெட்டின் தலையிலும் ஓர் எண் இருக்கும், அதன் ஆயுள். ஒவ்வொரு பெட்டியும் கைமாற்றும்போது ஒன்றைக் குறைக்கும். பூஜ்யமானால் குப்பை. வழி தெரியாமல் ஊர் சுற்றும் பாக்கெட் எங்கேயாவது ஓர் இடத்தில் செத்துத் தொலையும், வலை பிழைக்கும். இதை நம்பித்தான் இருந்தோம்.

ஆனால் கேளம்பாக்கத்துக்குப் போகும் ரிப்போர்ட்டுகளை மட்டும் நாங்கள் இன்னொரு உறைக்குள் போட்டு அனுப்புகிறோம். நடுவிலிருக்கும் மேற்குத் தாம்பரம் உறையைப் பிரிக்காமல் அப்படியே தள்ளிவிடும். டனல் என்போம். புது உறை என்றால் புது ஆயுள். சரி, மேற்கு அணைந்ததும் கிழக்குப் பெட்டி தன் பட்டியலில் தேடுகிறது: கேளம்பாக்கத்துக்கு வேறு வழி எது? பட்டியல் சொல்கிறது: டனல். டனலில் போட உறை போடு. இந்த உறை எங்கே போகவேண்டும்? கேளம்பாக்கம். வழி? டனல். இன்னொரு உறை போடு... பெட்டியை விட்டு வெளியே போகவே இல்லை. தனக்குள்ளேயே சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகப் பிறந்து, பெட்டியின் வயிறு வெடிக்கும்வரை. ஆயுள் எண்ணை யார் பார்த்தார்கள்! டனலின் மறுமுனையான கேளம்பாக்கத்திலும் இதே கதைதான்.

லோகு அண்ணா மேல் ஒரு தவறும் இல்லை. பேட்டரி பழுதாகி நின்றிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

அக்டோபர் 17 – வெள்ளி

தனசிங் சாரிடம் அச்செடுத்ததைப் பரப்பிக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். "இவ்வளவு நாள் இதைக் கட்டி வெச்சுக்கிட்டா தூங்கினோம்?"

லோகு அண்ணா விஷயத்தை எடுத்தேன். "முதல்ல சரி பண்ணு. தீபாவளி பூரா ஓடட்டும். ஒரு தடவகூட விழலைன்னா அதுக்கடுத்த திங்கக்கிழமை லோகு உள்ள." கை குலுக்காத குறை.

அக்டோபர் 21 – செவ்வாய்

தடுப்பு எழுதிவிட்டேன்! டனலுக்குள் நுழையும் ஒவ்வொரு உறையிலும் பெட்டி தன் பெயரைக் குறியாகப் போடும். போடும் முன் பார்க்கும், என் பெயர் ஏற்கெனவே இருக்கிறதா? இருந்தால் இது சுற்றி வந்த பாக்கெட், தூக்கிப் போடு.

ஒரே பெட்டிக்குள் மட்டும் பார்த்தால் இப்போதைக்குப் போதும். எனக்குத்தான் போதாதே. நாளைக்குப் பெட்டிக்குப் பெட்டி சுற்றினால்? அதனால் குறி உறையின் மேலேயே ஒட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிற மாதிரி செய்தேன். வழியில் உறையைத் தொடும் எல்லாப் பெட்டியும் பார்க்கும். குறிக்கு எட்டெழுத்து இடம் ஒதுக்கினேன். தாராளம்.

வடையை அணைத்தேன், போட்டேன், அணைத்தேன். இட்லி சாகவில்லை. தூக்கிப் போட்ட பாக்கெட்டுக்கு ஒவ்வொரு தடவையும் அனுப்பினவருக்குப் பதில் சொல்லும் ஏற்பாடு ஒன்று வழக்கத்தில் உண்டு. அதை விட்டுவிட்டேன். செத்ததற்கெல்லாம் கடிதம் போட்டுக்கொண்டிருந்தால் வேகம் என்ன ஆவது? எண்ணிக்கையையும் தடுத்ததன் குறியையும் மட்டும் பெட்டி வைத்துக்கொள்ளும்.

அக்டோபர் 28 – செவ்வாய்

விடாத மழை. லோகு அண்ணா இல்லாததால் நாலு இடத்துக்கும் நானே போய்ப் புதுப் புரோகிராமை ஏற்றினேன். பெட்டிகளுக்கு அவர் வைத்திருந்த பெயர்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். ஆங்கிலத்தில் ETBM, WTBM, PZL, KLM. ரயில் டிக்கெட்டா இது? ஒழுங்காக முழுப் பெயர் வைத்தேன். பட்டியலில் இரண்டு தாம்பரமும் பக்கத்தில் பக்கத்தில் வரட்டும் என்று ஊரை முன்னாலும் திசையைப் பின்னாலும் போட்டேன்: TAMBARAM-EAST, TAMBARAM-WEST. பார்க்கவே பாந்தமாக இருந்தது.

கேளம்பாக்கத்தில் கவுண்டரில் இருக்கும் ரத்தினபாய் டீ வாங்கித் தந்தாள். "முன்னல்லாம் ரிப்போர்ட் ரெடியான்னு லேபுக்குப் போன் போட்டுக்கிட்டே இருப்போம்க்கா. இப்ப ஸ்கிரீன்ல இருந்தா ரெடி, இல்லேன்னா இல்ல. நிம்மதி." தீபாவளிக்காகக் கிளையை இன்று மதியம் மூடினால் வெள்ளிதான் திறப்பார்களாம்.

அக்டோபர் 30 – வியாழன்

தீபாவளி. மழையில் ஒரு வெடியும் வெடிக்கவில்லை. பெட்டியும் வெடிக்கவில்லை.

நவம்பர் 1 – சனி

ஆபீசிலிருந்தே நாலையும் எட்டிப் பார்த்தேன். ஒன்றும் விழவில்லை. மேற்குத் தாம்பரத்தில் 'தடுத்த பாக்கெட்' எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருக்கிறது, நேற்று மாலையிலிருந்து அப்படி ஓர் ஏற்றம்! இத்தனை சுற்றலா நடந்துகொண்டிருந்தது நம் வலையில்? நல்லவேளை தடுத்தேன். கர்வமாக இருந்தது, எழுதினால் என்ன.

தனசிங் சார் சொன்ன சொல் காப்பாற்றினார். பொழிச்சலூருக்கு நேரிலேயே போய் லோகு அண்ணாவிடம் சொன்னேன். அவர் மனைவி முத்தாலம்மாள் அக்கா அதிரசம் தட்டை என் மடியிலேயே வைத்துவிட்டார். லோகு அண்ணா மட்டும் எழுந்து உள்ளே போய், முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

நவம்பர் 3 – திங்கள்

லோகு அண்ணா வேலைக்குத் திரும்பிய முதல் நாள். நேராகக் கேளம்பாக்கம் போனார். பதினோரு மணி வாக்கில் அங்கிருந்து போன்.

"மேடம், இங்க வெள்ளிக்கெழமலேந்து ஒரு ரிப்போர்ட்டும் வர்லயாம். தீவாளிக்கு லேபுல ஆளு கம்மி, லேட்டா வரும்னு நென்ச்சிகினு கீறாங்க. லேபுல கேட்டா அல்லாத்தியும் அன்ப்பிட்டோம்னு சொல்றாங்களே?"

விழாத பெட்டி. ஓடுகிற லைன். ரிப்போர்ட் எங்கே? நான் மேற்குத் தாம்பரத்தின் கணக்கைத் திறந்து, அது எதை எதையெல்லாம் தடுத்தது என்று பார்க்க ஆரம்பித்தேன். ஒவ்வொன்றிலும் ஒரே குறி. TAMBARAM.

TAMBARAM-EAST இல்லை. வெறும் TAMBARAM.

விரல் விட்டு எண்ணினேன். டி, ஏ, எம், பி, ஏ, ஆர், ஏ, எம். எட்டு. கோடும் திசையும் ஒதுக்கிய இடத்துக்கு வெளியே விழுந்துவிட்டன. கிழக்கும் தாம்பரம், மேற்கும் தாம்பரம். லேபிலிருந்து கேளம்பாக்கத்துக்குக் கிளம்பும் ஒவ்வொரு ரிப்போர்ட்டும் தண்டவாளத்தைத் தாண்டி மேற்கே வந்ததும், மேற்குப் பெட்டி குறியைப் பார்த்து 'இது நான்தானே, சுற்றி வந்துவிட்டதே' என்று எண்ணி, தூக்கிப் போட்டிருக்கிறது. பதில் வராததால் லேபின் கம்ப்யூட்டர் தானாகவே மறுபடி அனுப்பியிருக்கிறது. மறுபடி தூக்கிப் போட்டிருக்கிறது. மறுபடி. மறுபடி. அதுதான் அந்த ஏற்றம். அதைப் பார்த்துத்தான் சனிக்கிழமை நான் –

லோகு அண்ணா வைத்த பெயர்களில் ஒன்றும் ஆகியிருக்காது. இட்லி வடைக்கும் ஆகவில்லை. பெயரை மாற்றியது யார்? நான்தான்.

மாலையிலேயே பழைய பெயர்களைப் போட்டுவிட்டேன். ரிப்போர்ட்டெல்லாம் ஒரே மூச்சில் கேளம்பாக்கத்தில் போய் விழுந்தன.

நவம்பர் 4 – செவ்வாய்

லோகு அண்ணா வந்து என் நாற்காலிப் பக்கத்தில் நின்றார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"ஒரு மீன்காரம்மா மேடம். கோவளம் குப்பத்து ஆளு, எல்லம்மான்னு பேரு. கால்ல கெளுத்தி முள்ளு குத்திப் புண்ணு. சக்கர எவ்ளோன்னு பாக்க வெள்ளிக்கெழம ரத்தம் குட்த்துச்சாம். ரிப்போர்ட்டு பாத்துட்டுதான் மருந்துன்னு டாக்டரு சொல்லிட்டாரு. சனிக்கெழம பூரா பெஞ்சிலயே குந்திகினு இருந்துச்சாம். ஞாயித்துக்கெழம கொதிக்கக் கொதிக்க காச்சல். பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கினு பூட்டாங்க. ரெண்டு வெரலு எட்த்துட்டாங்களாம்."

கால் விரலா, கை விரலா என்று கேட்டேன். பைத்தியக்காரி மாதிரி. காலில் முள் குத்தினால் கால் விரல்தானே.

அவளுடைய ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். சர்க்கரை நானூறுக்கு மேல். லேபிலிருந்து வெள்ளி மாலையே கிளம்பியிருக்கிறது. என் எண்ணிக்கையில் அவளும் ஒன்று. சாப்பாடு இறங்கவில்லை. அம்மா உடம்புக்கு என்ன என்கிறாள். என்னன்னு சொல்ல? என் புரோகிராம் ஒரு பொம்பளயோட வெரல எடுத்துருச்சும்மான்னு சொல்லவா?

நவம்பர் 5 – புதன்

தனசிங் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார். பிறகு, "டாக்டர் என்ன சொல்றார்? ரெண்டு நாள் முன்னாடி போயிருந்தா காப்பாத்தியிருக்கலாமா?" அந்த டாக்டரிடம் நான் முன்பே கேட்டிருந்தேன். சொல்ல முடியாது என்றார் அவர். காப்பாற்றியிருக்கலாம், காப்பாற்றாமலும் போயிருக்கலாம்.

லேபில் லைன் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்களாம். "அப்படியே இருக்கட்டும் காந்திமதி. இப்ப சரியாயிடுச்சு. நீ போய்ச் சொன்னா நாளைக்கே நாலு பெட்டியும் திரும்பி வரும். பெட்டி இல்லேன்னா லோகுவுக்கு இங்க என்ன வேலை? நான் அவனை ரெண்டாவது தடவை அனுப்பணுமா? நீயே சொல்லு."

யாருக்காக ஓடி ஓடி எழுதினேனோ அவரையே நடுவில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

நவம்பர் 7 – வெள்ளி

இன்னும் சொல்லவில்லை.

நவம்பர் 11 – செவ்வாய்

இன்னும் இல்லை. லேபுக்குப் போன் போட்டு, டாக்டரம்மா 'ஹலோ' என்றதும் வைத்துவிட்டேன். சீ.

நவம்பர் 13 – வியாழன்

லேபில் சொல்லவா என்று லோகு அண்ணாவிடமே கேட்டேன். கேட்டிருக்கக்கூடாதோ? அவர் பிழைப்பை அவரிடமே எடை போடச் சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

கேன்டீன் பின்னால் நின்று பீடியை அணைத்தார். "நா இன்னா சொல்றது மேடம். சொன்னா எனக்குப் பேஜாருதான். வூட்ல நாலு வாயி கீது. ஆனா அந்தப் பெஞ்ச நா பாத்தேன். ரத்தினபாய் எங்கிட்ட காட்டுச்சி, இங்கதாண்ணா குந்திகினு இருந்துச்சின்னு. பாத்துட்டு வந்து பாக்காத மாரி எப்டி இருக்கறது?"

அப்புறம் அவரே, "மொதல்ல அந்தம்மாவப் பாப்போம். ஞாயித்துக்கெழம ஒங்கள இட்டுனு போறேன்" என்றார்.

நவம்பர் 16 – ஞாயிறு

வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் கோவளம். மழை விட்டிருந்தது. எல்லம்மா வாசலில் கயிற்றுக்கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். பெரிய கட்டு. பக்கத்தில் மீன் கூடை கவிழ்ந்து கிடந்தது.

"யாரு கண்ணு நீ?"

"அந்த ரிப்போர்ட் அனுப்புற கம்ப்யூட்டர் ஆளும்மா."

"அதுவா." முகம் மாறியது. "அந்தக் கவுண்டர் பொண்ணு வரும் வரும்னு சொல்லிகினே இருந்துச்சி. வராதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நா நேரா பெரியாஸ்பத்திரிக்குப் பூட்டிருப்பேன். வரும்னு சொன்னா எப்டி எந்திரிச்சிப் போவறது? நா எந்திரிச்சிப் போன நேரம் பாத்து வந்துச்சின்னா? ஒண்ணுக்குக்கூட போவாம குந்திகினு இருந்தேன்."

நான் மனதுக்குள் ஏதேதோ தயார் செய்து வைத்திருந்தேன். எல்லாம் போயிற்று. "அது அன்னிக்கே கிளம்பி வந்துச்சும்மா. நாந்தான் வழியில தூக்கிப் போட்டுட்டேன்."

"தூக்கிப் போட்டியா?" லோகு அண்ணாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எதுக்கு?"

"வந்ததே திரும்பத் திரும்பச் சுத்தி வருதுன்னு நெனச்சு."

"சுத்துச்சா?"

"இல்லம்மா."

திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. புடவையை இழுத்துக் கட்டு போட்ட காலை மூடிக்கொண்டார். நாங்கள் கிளம்பிவிட்டோம். திரும்பும்போது பஸ்ஸில் லோகு அண்ணா, "நாளைக்கே சொல்லிடு மேடம்" என்றார்.

நவம்பர் 17 – திங்கள்

சொன்னேன். தனசிங் சாரும் கூட வந்தார். வருவார் என்று நான் நினைக்கவே இல்லை. லேப் டாக்டரம்மா கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, "லைன் கோளாறுன்னு நான் அந்தப் பொம்பளையோட மகன்கிட்ட சொல்லி அனுப்பிட்டேனேம்மா" என்றார். அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை. அந்தக் குடும்பத்துக்குச் செய்ய வேண்டியதைத் தாங்கள் செய்வதாகவும், எங்கள் பெட்டிகளை எடுத்துக்கொள்ளும்படியும் சொன்னார். நியாயம்தான்.

நவம்பர் 28 – வெள்ளி

நாலு பெட்டியையும் லோகு அண்ணாவே கழற்றி ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். ஒன்றின் நெற்றியில் இன்னும் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. துணியால் துடைத்து அடுக்கி வைத்துவிட்டு, "வரேன் சார்" என்றார். தனசிங் சார் எழுந்து நின்று கை கொடுத்தார்.

நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். உங்களத் திரும்பக் கூட்டிட்டு வரேன்னு சொன்னது இந்த வாய்தானே?

டிசம்பர் 18 – வியாழன்

மூன்று வாரமாக ஒரே வேலை. குறி இனி பெயர் இல்லை. பெட்டிக்குப் பெட்டி மாறும் எண். பெட்டியை விட்டு வெளியே போகாது. உள்ளே சுற்றினால் மட்டும் பிடிக்கும். பெட்டிக்குப் பெட்டி சுற்றுவதை வெளி உறையின் ஆயுள் எண் பார்த்துக்கொள்ளும். அது அந்தக் காலத்திலிருந்தே தெரிந்த வேலைதான், என் மேதாவித்தனம் தேவையில்லை.

இன்னொன்று. எதைத் தூக்கிப் போட்டாலும் அனுப்பினவருக்கு உடனே சொல்லியாக வேண்டும்: போகவில்லை, வேறு வழி பார். நான் வேகத்துக்காக விட்டேனே, அதேதான். அதன்பிறகு அந்தச் செய்தி லேபின் திரையிலும் கிளையின் திரையிலும் கொட்டை எழுத்தில் விழவேண்டும். தனசிங் சார் கேட்டார், "ஒவ்வொண்ணுக்குமா? பாரம் இல்லையா?"

"ஒரே மாதிரி வந்தா சேத்து ஒண்ணு. ஆனா சொல்லாம ஒண்ணுகூடப் போடக்கூடாது சார்."

சரி என்றார். வெளிநாட்டுக்காரர்களுக்கு நடந்ததையெல்லாம் எழுதித்தான் அனுப்பினோம். வாங்கிக்கொள்கிறார்களாம். சார் ஸ்வீட் வாங்கப் போனார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, வராமலும் இல்லை.

ஜனவரி 23, 1998 – வெள்ளி

மாலை கிழக்குத் தாம்பரத்தில் துணி தைக்கக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். ரயில்வே கேட் போட்டிருந்தது. கூட்டத்தில் "மேடம்!" என்று குரல். லோகு அண்ணா, பழைய டி.வி.எஸ். மொபெட்டில். தோளில் குறுக்காக ஒரு தோல் பை.

அன்றைக்கு அனுப்பிய பிறகு பார்க்கவே இல்லை. பொழிச்சலூர் பக்கம் போகாமல் நான்தான் ஒளிந்துகொண்டிருந்தேன்.

"லேபுலயே சேத்துக்கினாங்க, தெர்யாதா ஒங்களுக்கு? டாக்டரம்மாவே கூப்ட்டு அன்ப்புனாங்க. டெய்லி லேபுல ரிப்போர்ட்ட வாங்கிகினு, மேற்க ஆபீசுல சீலு வெச்சிகினு, வண்டலூரு வழியா கேளம்பாக்கம். கையில குட்த்துட்டுதான் வருவேன்."

பையைத் தட்டிக் காட்டினார். உறை உறையாக அடுக்கி, ரப்பர் பேண்டு போட்டிருந்தது. என்ன கேட்பது என்று தெரியாமல், எல்லம்மா எப்படி இருக்கிறார் என்றேன்.

"கூடயத் தூக்கிகினு நடக்குது. கொஞ்சம் சாஞ்சி சாஞ்சி. நேத்து சக்கர பாத்த ரிப்போர்ட்டு வாங்க வந்துச்சி. கையில குட்த்தேன். கெட்டியா புடிச்சிகினு, 'வந்துடுச்சா, வந்துடுச்சா'ன்னு ரெண்டு தபா கேக்குது. கையிலதான் கீது, அப்பவும் கேக்குது."

மின்சார ரயில் கடந்தது. கேட்டைத் தூக்கினார்கள். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடிக்க, லோகு அண்ணா பையை முன்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டி மேற்கே போனார்.